படலையில் வேப்பிலை

"படலைக்குள்ள கால் வைக்காதீங்க ஐயா! வேப்பிலை கட்டிக் கிடக்கிறது தெரியல்லயா?"

சீதேவிப்பிள்ளை படலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வேப்பிலைக் கொத்தைக் கண்டதுமே கூலியாட்கள் மூவரும் வண்டியடிக்குப் பின்வாங்கிவிட்டார்கள். சித்தாண்டியில் அம்மாள் வருத்தம் என்னும் அம்மை நோய் கண்ட வீட்டுக்குள் வெளியாள் யாரும் நுழைவதில்லை. நுழை என்று சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் வாய் வராது.

அந்தக் கூலியாட்களை மேய்க்கும் ஓவசியர் டொமினிக்குக்கு மட்டும் வந்தது. அவர் டவுனிலிருந்து வந்தவர். குளங்களில் மிதந்து பரவும் சல்வீனியாக் களையை ஒழிக்க எந்த வளவுக்குள்ளும் போகலாம் என்ற முத்திரை குத்திய கடிதம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

"ஆருக்கு வருத்தம்?"

அவள் படலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தீங்களா! குளத்தில சல்வீனியாவ வச்சிக்கிட்டு வேப்பிலையால மறைக்கிறீங்க."

"என்ட குளத்தில ஒரு இலை இல்ல ஐயா. அந்தத் தண்ணிய நம்பித்தான் ரெண்டேக்கர் வேளாண்மை செய்யிறன்."

"அங்கால வளவு நல்லரத்தினமும் இப்பிடித்தான் சொன்னார். முதல் தரம் போய்ப் பாத்தம், ஒண்டுமில்ல. மறு மாசம் போனா குளம் மூடிக் கிடக்கு! எங்கயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கார். கேட்டா வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்றார். வழக்கு எழுதிப்போட்டன்."

"அந்த மனிசன் பொய் சொல்லாது ஐயா."

டொமினிக் கெட்டவர் அல்ல. பச்சைப் பாய் விரித்தாற்போல் களை மூடிய குளங்களையும், தண்ணீர் குடிக்க முடியாமல் கரையில் நின்று கதறும் எருமைகளையும் ஊர் ஊராகப் பார்த்து நொந்தவர். இந்த ஒரு குளத்தை விட்டுவிட்டால் மாரி மழையில் வாய்க்கால் வழியே ஓர் இலை இறங்கினாலும் அது பெருகி வட்டை வயல் முழுவதையும் தின்றுவிடும் என்று உண்மையாகவே பயந்தார்.

"சாமித்தம்பி, வா உள்ளுக்கு!" என்று கூலியாள் ஒருவனைக் கூப்பிட்டார்.

"என்னால ஏலா ஐயா. நான் பிள்ளகுட்டிக்காரன்."

டொமினிக் தானே படலையைத் தள்ளினார். சீதேவிப்பிள்ளை வழிவிட்டாள். ஆனால் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"போறதெண்டா போங்க. அந்தச் சப்பாத்தையெண்டாலும் கழட்டிப்போட்டு, காலக் கழுவிட்டுப் போங்க. கும்பிட்டுக் கேக்கிறன்."

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். உங்கட அம்மாள்ட சட்டம் எனக்கு இல்ல."

விடிந்ததிலிருந்து ஏழு குளங்களில் இறங்கிய றப்பர் சப்பாத்து இன்னும் காயவில்லை. அது சளக் சளக்கென்று சத்தமிட, அவர் வளவுக்குள் விறுவிறுவென்று நடந்தார்.

குளத்தின் அடிமணல் தெரிந்தது. டொமினிக் நம்பவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, கம்பால் புல்லை விலக்கி, மூலை மூலையாகத் தேடினார். களை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரையேறியபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு. பிறகென்னத்துக்கு இந்த வேப்பிலை?"

சீதேவிப்பிள்ளை கரையில் குந்தியிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கண் அவர் மேல் இல்லை, அவர் நடந்து வந்த தண்ணீர் மேல் இருந்தது.

"நல்லரத்தினம் அண்ணனும் முதல் நாள் உங்களச் சப்பாத்தோடதான் உள்ளுக்கு விட்டவர் ஐயா. அதச் சொல்லப் போய்த்தான் அந்த மனிசனுக்கு வழக்கு."

டொமினிக் திரும்பிப் பார்த்தார். அவர் கலக்கிவிட்டு வந்த தண்ணீரில் மூன்று பச்சைச் சல்வீனியா இலைகள் மெல்ல விலகி மிதந்துகொண்டிருந்தன. நாலாவது இலை அவருடைய சப்பாத்தில் ஒட்டியிருந்தது.