சொன்னவர் யார்?

மூன்றாம் வகுப்பின் ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் மறுபடி சொட்டத் தொடங்குகிறது. தலைமையாசிரியரின் மேசைக்கு முன் அறிவுச்செல்வி டீச்சர் முதுகு வளையாமல் நிற்கிறார். போன வாரம் சுவர் ஊறியபோது, "புள்ளைகளக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் தலைமையாசிரியர் குருமூர்த்தி. மண்டபத்துப் படியில் ஒரு குழந்தை வழுக்கி விழுந்து கை முறிந்ததை விசாரிக்க, இன்று கல்வி அலுவலர் வந்திருக்கிறார். குருமூர்த்தி பேனா மூடியைத் திருகுகிறார். டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்கய்யா. டீச்சராத்தான் கூட்டிட்டுப் போயிட்டாங்க." இருபத்தாறு வருட வேலையில் ஒரு கரும்புள்ளி வாங்காத அறிவுச்செல்விக்குக் காது மடல் எரிகிறது. அலுவலர் அவர் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறார். வெளியே இடி உருள்கிறது. வகுப்பு வாசலிலிருந்து ஒரு சிறுமி கூப்பிடுகிறாள். "டீச்சர், மண்டபத்துக்குப் போலாமுங்களா?" அந்தக் குரலுக்கு எப்போதும் முதலில் நகரும் அவருடைய கால் நகரவில்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குருமூர்த்தியின் முன் வைக்கிறார். "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அப்பறமாப் போறனுங்க." பேனா மூடி திறக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைமேல் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.