நாற்பது பேர் கம்பெனி

சங்கக் கொடியோடு எட்டுப் பேர் சாயங்காலம் வாசலில் வந்து நின்றதும் ரெத்தினம் பயந்துபோனான். போன மாதம் கூலித் தகராறில் குத்தாலத்து மிராசுதார் ஒருவரை மூன்று நாள் வீட்டைவிட்டு நகரவிடாத கூட்டம் அது.

முன்னால் நின்ற மாரியப்பன் ஒரு மைப் புட்டியை நீட்டினார். "இந்த இங்க் கம்பெனி இதுதானே?"

"ஆமாங்க."

"நாற்பது தொழிலாளர் உழைப்பில் உருவானதுன்னு லேபிள்ல போட்டிருக்கே. எங்க எல்லாரும்?"

"இங்க... நான் மட்டும்தாங்க."

"மத்தவங்களை வெளியே தள்ளிட்டானா உங்க முதலாளி?"

மாரியப்பன் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பினார். முழங்கை வரை நீல மை படிந்திருந்தது.

"மை காய்ச்சுறது யாரு?"

"நான்தாங்க."

"புட்டியில ஊத்துறது, லேபிள் ஒட்டுறது?"

"அதுவும் நான்தாங்க."

"ஞாயித்துக்கிழமையாவது விடுவானா?"

"அன்னிக்குத்தாங்க வேலை அதிகம்."

"அடப்பாவி! நாற்பது பேர் வேலையை ஒருத்தன் தலையில கட்டியிருக்கானே!"

"முதலாளி ரொம்ப நல்லவருங்க" என்றான் ரெத்தினம், நடுங்கிக்கொண்டே.

"பாருங்கய்யா, எப்படி மிரட்டி வச்சிருக்கான்! பயப்படாதீங்க தம்பி. அவன் வர்ற வரைக்கும் நாங்க நகர மாட்டோம். வந்ததும் முதல்ல காலை ஒடிக்கிறோம்."

எட்டுப் பேரும் வாசலை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஆபீஸ் நேரம் போக, பொழுதுபோக்காக மை காய்ச்ச ஆரம்பித்தவன் ரெத்தினம். பெரிய கம்பெனியாகத் தெரியட்டும் என்று லேபிளில் அந்த நாற்பது பேரைச் சேர்த்தவனும் அவன்தான். முதலாளியும் அவன்தான்.

மெதுவாகக் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான்.