பெட்டி காலி

"பதினோராவது பெட்டியும் காலி சார்," என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள், நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் பெண். பள்ளியின் வனவிலங்கு கிளப்புக்கு அவள்தான் செயலாளர்; இப்போது பொறுப்பாளர் நான்.

குருவிகளுக்காக வைத்த பெட்டிகள் பன்னிரண்டு. ஒன்றிலாவது குருவி கூடு கட்டவில்லை என்றால் கிளப்பை மூடிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கெடு இன்று மாலை.

மிச்சம் இருந்தது என் வீட்டு மாடியில் மாட்டிய பெட்டி. கிளப் பிள்ளைகள் ஏழு பேரும் ஊர்வலமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பல்லி.

"பல்லி கணக்குல வருமா சார்?"

"வராது."

"பெட்டியும் உங்கள மாதிரியே உம்முன்னு இருக்கு. எந்தக் குருவி வரும்?"

இறங்கி வரும்போது வாசலில் கீச்சுச் சத்தம். ஆணியில் தொங்கிய சிவப்பு ஹெல்மெட்டிலிருந்து ஒரு குருவி பறந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தன. அந்த ஆணிப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை.

"கிளப் பிழைச்சுது!" என்று குதித்தாள் வாயாடி. "ஹெல்மெட்டத் தொட்டுடாதீங்க சார்!"

"தொட்டு ஒன்பது மாசமாச்சு."

"அப்போ இது உங்களோடது இல்லையா?"

"உங்க டீச்சரோடது."

கிளப்பைத் தொடங்கியதே அந்த டீச்சர்தான். என் மனைவி. காய்ச்சலில் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

வாயாடி நோட்டைத் திறந்து எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள்.

"பன்னிரண்டாவது பெட்டி காலி. பதிமூணாவது, டீச்சர் ஹெல்மெட். வீடு காலி இல்லை."

நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுங்க சார். குருவி பார்க்குது."