பதினோரு தடவை 'நாம்'

கிளெனிஸ் ட்ரெவின் கைப்பேசியில் மூன்று வரி எழுதி முடித்திருந்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

'செவ்வாய்க்கிழமை பரீட்சைக்கு நான் வரவில்லை, டீச்சர். மன்னித்துக்கொள்ளுங்கள். என் பெயரை அடித்துவிடுங்கள்.'

ஐம்பத்து நான்கு வயதில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு பேக்கரிக்கு பன் சுடப் போனவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத வாய் இந்த ஊரில் இல்லை. நூலகத்தில் ஒரு வேலை காலியாக இருந்தது. பன்னிரண்டு பாஸ் பண்ணினால்தான் விண்ணப்பத்தையே கையில் வாங்குவார்கள்.

எட்டு மாதமாக வீடு முழுக்க அணியிலக்கணச் சீட்டு. ஃபிரிட்ஜ் கதவில் 'உருவகம்'. அடுப்புக்கு மேலே 'மிகைப்படுத்தல்'. கழிவறைக் கதவின் உட்புறம் 'பதில் வேண்டாத கேள்வி'. அந்த வீட்டுக்கு விருந்து சாப்பிடப் போன எல்லோருக்கும் அது மனப்பாடம்.

உதாரணத்துக்கு அவள் தூரம் போகவில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் வேலி ஓரம் நின்று தெருவில் நடக்கும் பேச்சையெல்லாம் குறித்துக்கொண்டாள். எதிர்வீட்டு லாரிக்காரன் டாரில், தான் பிடித்ததாகச் சொன்ன மீன்களிலேயே 'மிகைப்படுத்தல்' நோட்டு நிறைந்துவிட்டது.

கடைசியாக ஒரு பயிற்சிக் கட்டுரை. ஊர் நீச்சல் குளத்தை மூடப்போகிறோம் என்று மேயர் பேசிய பேச்சைப் பிரித்து மேய்ந்து நாலு பக்கம் எழுதினாள். போன செவ்வாய்க்கிழமை அதைப் புருஷன் லிண்ட்ஸேயிடம் நீட்டினாள்.

லிண்ட்ஸே தானிய லாரி ஓட்டுகிறவன். நாளைக்கு இருபது வார்த்தை பேசுவான். அதில் பன்னிரண்டு நாயிடம்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தான். டீ ஆறிப்போனது.

"மோசமில்ல," என்றான். நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எட்டு மாத உழைப்பு. மோசமில்லையாம்.

நாலு நாளாக அந்தச் சொல் அவளை விடவில்லை. கட்டின புருஷனுக்கே பிடிக்காத எழுத்து, முகம் தெரியாத பரீட்சைக்காரருக்கா பிடிக்கப்போகிறது?

இன்று சனிக்கிழமை காலை, கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுச் சீட்டுகளைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில், எழுதி ஒட்டியும் படிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. 'லைட்டோட்டீஸ்.' கிரேக்கக்காரர்கள் வைத்த பெயர். வாயில் நுழையவில்லை என்று தள்ளிப்போட்டது.

கீழே அவள் கையெழுத்திலேயே விளக்கம்: 'நல்லது என்று நேராகச் சொல்லாமல், கெட்டதில்லை என்று மட்டும் சொல்வது. சொல்வது குறைவு, உணர்த்துவது நிறைய.'

கிழிக்கப் போன கை நின்றது.

மகள் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்று அவன் சொன்னது: "மோசமில்ல." முப்பத்தொரு வருஷமாக எட்டாத கோப்பையை ஊர்க் கால்பந்து அணி ஜெயித்த அன்று, கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்து சொன்னது: "மோசமில்ல." பக்கத்து வீட்டு நோலீன் செய்கிற வனிலா ஸ்லைஸை மட்டும்தான் பிரமாதம் என்பான். அவள் தலை மறைந்ததும் அது நாய்க்குப் போகும்.

இல்லை இல்லை என்று கிளெனிஸ் தன்னையே அதட்டினாள். ஆசைப்பட்டுப் பார்த்தால் எந்தப் பேச்சிலும் ஓர் அணி தெரியத்தான் செய்யும்.

அப்போதுதான் நோலீன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். கதவைத் தட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. தானியம் சேமிக்கும் சைலோவில் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது அவள்தான், அதனால் ஊர்ச்சேதி எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகும்.

"என்னடி, வீடெல்லாம் ஒரே குப்ப? சரி, அத விடு. அந்த மேயரப் பத்தி நீ எழுதினதுதான் இப்ப எங்க எடைமேடைல பேச்சு. 'பதினோரு தடவ நாம்னு சொல்றாரு, அந்தப் பதினொண்ணுல ஒண்ணுலகூட நாம இல்ல.' அதக் கேட்டுச் சிரிச்ச சிரிப்புல டாரில் அவன் முறைக்கு வண்டிய மேடை ஏத்த மறந்துட்டான்!"

"அத யாரு படிச்சுக் காட்டினது?"

"வேற யாரு, உன் வீட்டுக்காரந்தான். புதன்கெழம. லாரிப் படில ஏறி நின்னு, நாலு பக்கமும். அந்த மனுஷனுக்கு அவ்வளவு நேரம் வாய் தொறந்திருக்கும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்."

கிளெனிஸ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"செவ்வாக்கெழம பரீட்ச ஒம்போதுலேர்ந்து பன்னெண்டே கால் வரைக்கும்தானே? சரியாச் சொல்லுடி."

"உனக்கு எதுக்கு?"

நோலீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று லாரிக்காரர்கள் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். போயும் போயும் நோலீனிடம். அரை நிமிஷம் தாங்கினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட மண்டபம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. சைலோவுக்குப் போகிற ஒவ்வொரு லாரியும் அதன் ஜன்னல்களை உலுக்கிவிட்டுத்தான் போகும். அறுவடைக் காலத்தில் இந்த ஊரில் யாரும் யாருக்காகவும் வண்டியைத் திருப்புவதில்லை. சவ ஊர்வலம்கூட ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடும்.

செவ்வாய்க்கிழமை அந்த மூன்றேகால் மணி நேரமும் பதினாலு லாரிகளும் பின்பக்கத்து மண்ரோட்டில் சுற்றிப் போகப்போகின்றன. ஒரு நடைக்கு ஒன்பது கிலோமீட்டர் கூடுதல்.

கிளெனிஸ் கைப்பேசியை எடுத்தாள். மூன்று வரியையும் அழித்தாள்.

"ஒவ்வொரு வண்டியாப் போய் உன் வீட்டுக்காரன் கேட்டான்டி," என்றாள் நோலீன். "தொப்பியக் கழட்டிக் கைல வச்சுக்கிட்டு."