அச்சன்புதூர்க் கூண்டு

"இன்னைக்காவது எல்லாம் செத்துருமா மேடம்?" என்று கேட்டாள் முத்துவடிவு.

"செத்துரும்க்கா. இந்தத் தடவ எனக்கு நம்பிக்க இருக்கு" என்றாள் சுஜிதா. தென்காசியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், கொசுவை விரட்டவும் கொல்லவும் புதுப்புது ரசாயனங்களைத் தயாரித்துச் சோதிப்பது அவள் வேலை. முத்துவடிவு அங்கே உதவியாள்.

போன மழைக்காலத்தில் அச்சன்புதூரில் டெங்கு பரவியபோது முத்துவடிவின் ஒரே மகள் அபி இறந்துபோனாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை.

அந்த வாரம் அவர்கள் வீட்டுச் சிமென்ட் தொட்டியில் நெளிந்த கொசுப்புழுக்களைச் சுஜிதாதான் சேகரித்து வந்தாள். நோய்க்கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கொசுவானதும் கூண்டில் விட்டு வளர்த்தாள். இன்றுவரை எல்லாச் சோதனையும் அந்தக் கொசுக்களிடமும் அவற்றின் வாரிசுகளிடமும்தான்.

அபியின் காரியம் முடிந்த கையோடு முத்துவடிவு ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். "எங்க வீட்டுக் கொசுவ வச்சுத்தான மருந்து பாக்கீய? நானும் கூட நிக்கேன் மேடம்."

பெற்றவளின் ஆத்திரம். சுஜிதாவால் மறுக்க முடியவில்லை.

விரட்டும் மருந்துக்கான சோதனையில் மருந்து தடவிய கையோடு, தடவாத கை ஒன்றையும் கூண்டுக்குள் விட வேண்டும். தடவாத கை எப்போதும் முத்துவடிவுடையதுதான். தடித்துச் சிவந்தாலும் வெளியே இழுக்கமாட்டாள்.

"எதுக்கு மேடம் இந்தக் குடி குடிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முட்ட போடத்தான்க்கா. ரத்தம் குடிச்சாத்தான் அதுக்கு வாரிசு" என்றாள் சுஜிதா.

மருந்து தோற்கும் நாள்களில் சுஜிதா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முத்துவடிவு இஞ்சி தட்டிப்போட்டு டீ கொண்டுவந்து வைப்பாள். "விடுங்க மேடம், அடுத்ததப் பாத்துக்கிடலாம்."

இன்றைக்கு மருந்து தோற்கவில்லை. சோதனைக் குழாய்க்குள் இருந்த கொசுக்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழுந்தன. ஒன்றுகூட எழவில்லை.

"ஜெயிச்சிட்டோம்க்கா!" சுஜிதா அவளைக் கட்டிக்கொண்டாள். "அடுத்து சிவகிரியில புதுசாப் பிடிச்சுச் சோதிக்கணும். இந்தக் கூண்டு இனி வேண்டாம். அபிக்காக, நீங்களே அடிச்சு முடிங்க."

மருந்து தெளிப்பானை முத்துவடிவு வாங்கிக்கொண்டாள். உடனே அடிக்கவில்லை.

"இந்த மருந்து வெளிய வந்தா, வேற பிள்ளையளுக்கு அப்பிடி ஆவாதுல்லா மேடம்?"

"ஆகவே ஆகாதுக்கா."

தெளிப்பானை மேசையில் வைத்தாள். சேலையை ஒதுக்கி, கூண்டின் வாயில் தைத்திருந்த துணி உறை வழியாகக் கையை உள்ளே விட்டாள். கொசுக்கள் வந்து உட்கார்ந்தன.

"அக்கா! என்ன பண்ணுதீங்க? அதான் சோதனை முடிஞ்சிட்டே!"

"ஒரு நிமிசம் மேடம்."

கடித்துக் குடித்துவிட்டு அவை தாமாகப் பறக்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, தெளிப்பானை அழுத்தினாள். கூண்டுக்குள் ரீங்காரம் அடங்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அடங்கியதும் கூண்டின் மேலேயே தலையைச் சாய்த்து, அபி போன அன்றைக்கு அழுததைப்போல அழுதாள்.

சுஜிதா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதீங்கக்கா. அபியக் கடிச்ச கொசுவோட வம்சமே இன்னைக்கு அழிஞ்சிட்டு."

முத்துவடிவு தலையைத் தூக்கவில்லை.

"அபி ரத்தத்துல வந்த வம்சமும் அதான மேடம்."