எடைக்கல்

என் இடது காலில் சத்தமே வரவில்லை.

கணுக்காலில் பசையைத் தடவி, பேனா மாதிரி ஒரு குச்சியை வைத்து, மெஷின்காரப் பெண் தேடிக்கொண்டே இருந்தாள். மெஷினிலிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது.

“வலது கால்ல கொஞ்சமாவது கேட்டுச்சு ஐயா. இதுல ரத்தமே இறங்கல. ரத்தக்குழாய் தடிச்சு, உள்ள அடைச்சுக் கெடக்கு.”

“மெஷின் கெட்டிருக்கும். வேற கொண்டா.”

கால் கட்டைவிரல் கறுத்து ஒரு மாதமாகிறது. செருப்புக் கடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர்கள் தொடை வழியாகக் கம்பியை விட்டு அடைப்பை எடுக்க வேண்டுமாம். விட்டுவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வருமாம். அதற்கு ஒரு தாள். அதில் என் கையெழுத்து.

தாளைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றான் மகன்.

கையெழுத்து என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் நான் நம்புவதில்லை. இன்றைக்குக் கால். நாளைக்கு இதே முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் பத்திரத்தை நீட்டுவான்.

காலையிலேயே பார்த்தேனே. பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றான். ஃபேன் கடை வாசலில் ஒன்று, பூட்டுக் கடை வாசலில் ஒன்று, அப்புறம் ஒரு பாழாய்ப்போன சுவரோரம். மூன்று இடத்திலும் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு, “ம்... ம்... சொல்லு” என்றான். வேறு யார், பெண்டாட்டிதான். கிழவனை எப்படி மடக்கலாம் என்று அங்கிருந்து பாடம் நடக்கிறது.

நானும் நின்று அவனை முறைத்தேன். உண்மையில் எனக்கும் அந்த நேரத்தில் கெண்டைக்கால் இரும்புப் பிடியாகப் பிடித்திருந்தது. நூறு அடி நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும். அதைப்போய் அவனிடம் சொல்வேனா? அவனால்தான் தாமதம் என்று இருக்கட்டும்.

மெஷின்காரப் பெண் தன் மணிக்கட்டில் குச்சியை வைத்துக் காட்டினாள். உஷ், உஷ், உஷ் என்று ஜோராகக் கேட்டது.

“பாத்தீங்களா? மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

“ஏம்மா, நாப்பது வருஷம் தானியக் கிடங்குல எடை போட்டவன் நான். தராசுக்காரன் அவன் கல்லையே வச்சுக் காட்டுனா நம்பிடுவேனா? என் கல்லை வச்சுக் காட்டு.”

கிடங்கில் அப்படித்தான். தராசில் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த கல் ஒன்றை நம் கையால் வைத்துப் பார்க்க வேண்டும். அது சரியாகக் காட்டினால்தான் தராசு சரி. ஊர்ப்பட்ட களவாணித்தனத்தை அந்த ஒரு கல்லால் பிடித்திருக்கிறேன்.

“டேய், நீ ஏறிப் படு.”

“எனக்கு எதுக்குப்பா?”

“படுடா. எருமை மாதிரி இருக்கே, உன் கால்ல கேக்கலைன்னா மெஷின் டுபாக்கூர். கேட்டுச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “படுங்க சார், ஒரு நிமிஷ வேலை. ஐயா மனசு மாறுறதுக்குள்ள முடிச்சுடலாம்.”

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். செல்லை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் படுத்தான். நாற்பத்தெட்டு வயது. இன்னும் மூட்டை ஏற்றலாம் போல முதுகு.

வலது கணுக்காலில் குச்சியை வைத்தாள். இரைச்சல்.

கொஞ்சம் நகர்த்தினாள். பாதத்தின் மேல்புறம் வைத்தாள். இன்னும் கொஞ்சம் பசை போட்டாள். இரைச்சல்.

“பாத்தியா! நான் சொன்னேன்ல, மெஷின் கெட்டுக்...”

அவள் சிரிக்கவில்லை. குச்சியை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். உஷ், உஷ். திரும்ப அவன் காலில் வைத்தாள்.

“சார், நடந்தா கால் வலிக்குமா?”

“சேச்சே. நேத்து கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான்.”

போன மாதம் டாக்டரிடம் நான் சொன்ன அதே பதில்.

“சிகரெட்டு?”

என் பக்கம் பார்த்தான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

“உங்க பேர்லயும் ஒரு சீட்டு போடணும் சார். முன்கட்டடத்துல பதிஞ்சுட்டு வாங்க, டாக்டர் பாப்பாரு. செல் நம்பர் சொல்லுங்க, மெசேஜ் வரும்.”

“செல்லு நேத்தே செத்துப்போச்சு மேடம். தண்ணி பட்டுருச்சு. வீட்டு நம்பர் தரட்டுமா?”

என் கையிலிருந்த செல்லைப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். கறுப்பாகவே கிடந்தது.

“அந்தத் தாளக் குடுடா” என்றேன்.

கொடுத்தான். படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“முதல்ல உன் பேரைப் பதி. உன் தாள்ல நீ போடு, அப்புறம் என் தாள்ல நான் போடுறேன். ஏமாத்தலாம்னு பாக்காத.”

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா.”

“வாய மூடிட்டு நட.”

முன்கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். பாதி வழியில் மருந்துக்கடை வாசலில் அவன் நின்றான். கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நான் செல்லை நீட்டினேன்.

“பேசு. பேசி முடிச்சுட்டு வா.”

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைப் பக்கம் திரும்பி நின்றான்.

என் கெண்டைக்கால் பிடி விடுகிற வரைக்கும் பேசினான்.