வந்துட்டியா

கூடப் பிறந்த அண்ணன் இப்படியும் இருப்பானா என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

புருஷனின் அடி தாங்காமல் கட்டிய துணியோடு ஓடி வந்த தங்கச்சி வாசலில் நிற்கிறாள். அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து வெளியே வந்தான். வந்தவன் கதவை இழுத்துச் சாத்தி வெளித் தாழ்ப்பாளையும் போட்டான். அவள் என்னவோ உள்ளே புகுந்து சொத்தில் பங்கு கேட்கப் போகிறவள் மாதிரி.

"இங்க உனக்கு இடமில்லை. இந்தப் பக்கமே வராதே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். ரிப்பேருக்கு அவள் கொடுத்திருந்த லேப்டாப்பைக் கையோடு எடுத்து வந்திருந்தான்; அதையும் அவள் கையில் திணித்து அனுப்பிவிட்டான்.

அன்றைக்கே அவன் நம்பரை பிளாக் செய்தாள். செத்தாலும் அவன் முகத்தில் விழிப்பதில்லை.

இப்போது வேறு ஊர், மாடியில் ஒற்றை அறை. ஒரு பதிப்பகத்துக்கு அதே லேப்டாப்பில் பிழை திருத்திக் கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிற அந்த லேப்டாப் காலையில் கண் விழிப்பதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம்.

பதிப்பகத்து சிஸ்டம்காரரிடம் போனில் புலம்பினாள். ஆன் பண்ணினதுமே கேட்காமல் கொள்ளாமல் பின்னணியில் எழுந்துகொள்கிற சர்வீஸ் என்ற குட்டிப் புரோகிராம்கள்தான் காரணம், வேண்டாததை நிறுத்திவிடலாம் என்றார் அவர். பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். வீட்டில் பிரிண்டரே இல்லை, பிரிண்டருக்கு ஒரு சர்வீஸ் தெண்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினார்கள்.

அடுத்த பெயரை வாசிக்க வாய் வரவில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தை. வந்துட்டியா.

வேலை முடிந்து அவள் படியேறும்போது புருஷன் கதவோரம் நின்று கேட்கிற வார்த்தை அது. அதற்குப் பிறகு கைதான் பேசும். இந்த லேப்டாப்பும் ரிப்பேருக்குப் போகும்வரை அவன் அலமாரியில்தானே கிடந்தது!

அந்த சர்வீஸுக்குள் எழுதியிருந்ததை சிஸ்டம்காரர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் குரலும் இறங்கிவிட்டது.

"மேடம், ஆன் பண்ணின உடனே நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்னு யாருக்கோ மெசேஜ் அனுப்புது."

அப்படியானால் முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வரவில்லை? பூனை எலியை விட்டுப் பிடிக்கிற மாதிரி விளையாடுகிறானா?

'டிஸேபிள்' செய்தாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால், கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"டிஸேபிள்னா தானா எழுந்திருக்காது, அவ்வளவுதான். வேற சர்வீஸ் ஏதாவது கூப்பிட்டா எழுந்து வந்துடும். 'மாஸ்க்' பண்ணிடுங்க. அப்புறம் யார் கூப்பிட்டாலும் வராது."

மாஸ்க் செய்தாள். வரவில்லை. ஆனாலும் மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள். தூக்கம் வந்தால்தானே.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். கண் எழுத்தில், காது படிக்கட்டில். மத்தியானம் நெருங்கும்போது கேட்டது. யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறார்கள்.

கதவு அதிர்ந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாண்டு, உள்ளே இருக்கியா? ஒரு வார்த்தை பேசு."

அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. மேஜையை நகர்த்தி, சங்கிலியை எடுக்காமலே திறந்தாள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, வியர்த்து ஒழுகி, அண்ணன் நின்றான். அவளைப் பார்த்ததும் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"காலைல மெசேஜ் வரல. அவன் உன்னைக் கண்டுபிடிச்சுட்டானோன்னு செத்துப் பிழைச்சேன். ரிப்பேருக்குக் கொடுக்க வந்தப்ப உன் கைத் தழும்பைப் பார்த்தேன், அன்னிக்கே லேப்டாப்புல அதைப் போட்டு வச்சேன். நேர்ல வந்தா என் பின்னாலேயே அவனும் வந்துடுவான்னுதான் இத்தனை நாளும் வரல."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன் வரும். போனில் ஒரே வார்த்தைதான். வந்துட்டியா. வாங்கிய அடியில் அதுகூட மறந்து போயிருந்தது.

ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை.

"இவ்வளவு அக்கறை இருக்கிறவன், அன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா ஏன் தாழ்ப்பாள் போட்டே?"

அவன் தலை நிமிரவில்லை.

"வெளித் தாழ்ப்பாள் உனக்கா போட்டேன், வாண்டு? உனக்கு முன்னாடியே வந்து உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான்."